பாதித் தொட்டிக்கு மட்டும் எட்டும் டியூப்

மீன் தொட்டிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கு,

முதலில் மீன் சேதி. கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் விட்டுப்போன நான்கு தங்கமீன்களில் மூன்று செத்துவிட்டன. தாசில்தார் மட்டும் இருக்கிறார். யாரை நினைத்து அந்தப் பெயரை வைத்தீர்களோ தெரியாது, தொப்பையும் குறையவில்லை, தீனி போட்டாலொழிய நகர்வதும் இல்லை.

மூன்றும் போனதற்குக் காரணம் அம்மாவின் சுத்தம். வெள்ளிக்கிழமை வீடு கழுவி, விளக்கு தேய்த்து, அந்தச் சூட்டோடு தொட்டியையும் கழுவிவிடுகிறாள். மீன்களை வாளியில் போட்டுவிட்டு, தண்ணீரைச் சொட்டு விடாமல் இறைத்து, கண்ணாடியைத் தேங்காய் நாரால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றுகிறாள். தொட்டி பளபளவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர்வதற்குள் ஒன்று மல்லாந்திருக்கும்.

நீங்கள் பாதித் தண்ணீரைத்தான் மாற்றுவீர்கள். அதையும் முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைத்துவிடுவீர்கள். ஏன் என்று அம்மாவிடம் ஒரு நாளாவது சொன்னீர்களா? அவளும் எங்கே கேட்டாள்? டியூப்பில் வாய் வைத்து நீங்கள் உறிஞ்சுவதைப் பார்த்தாலே, "சாக்கடையில வாய வச்சுட்டு, அந்த வாயோட காப்பி கேக்கறாரு பாரு" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். "பழைய தண்ணி பாதி இருக்கணும்மா. முழுசாப் புதுசு ஊத்துனா மீனு தாங்காது."

"அதுக்காக அழுக்குலயே கெடக்கணுமா? உங்கப்பா வச்சிருந்தத நாறப் போட்டேன்னு நாளைக்கு நீயே சொல்லுவ."

தலையை ஆட்டுவாள். வெள்ளிக்கிழமை வந்தால் கை தானாகத் தொட்டிக்குப் போய்விடும். கடைசி மீனும் போய்விட்டால் இந்த வீட்டில் உங்களுடையது என்று உயிரோடு ஒன்றும் இருக்காது. எனக்கு அந்தப் பயம்தான். அதனால், தொட்டியை நான் சிதம்பரத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றேன்.

அம்மா சத்தம் போடவில்லை. "டிபன் கட்டறது இல்ல, சட்டைய இஸ்திரிக்குக் குடுக்கறது இல்ல. அவுருக்குன்னு நான் செய்யறது இது ஒண்ணுதாண்டி இருக்கு. இதையும் தூக்கிட்டுப் போறியா?" என்றாள்.

தொட்டியை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன். இனிமேல் தண்ணீர் எடுக்கும் கருவியைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சிதம்பரத்தில் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு குட்டி மோட்டாரை எடுத்து வைத்து, "இத வாங்கிக்குங்கக்கா, பத்து நிமிஷத்துல தொட்டியே காலி ஆயிடும்" என்றார். "காலி ஆவக்கூடாதுங்கறதுதாங்க என் பிரச்சனையே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது போக, மோட்டாருக்குக் கரண்ட் வேண்டாமா? நீங்கள் போன பிறகு வந்த புயலில் கடலூரே இருட்டாகக் கிடந்தது. கம்பங்களை எல்லாம் நட்டுவிட்டார்கள், ஆனால் இப்போதும் கரண்ட் விருந்தாளி மாதிரிதான் வருகிறது.

அடுத்து நடுவில் ரப்பர் பல்பு வைத்த டியூப்பைக் காட்டினார். பல்பை அமுக்கினால் தண்ணீர் இறங்கும், வாய் வைக்க வேண்டியதில்லை. முனையில் அகலமான குழல் இருக்கிறது, கூழாங்கல்லுக்குள் தங்கும் அழுக்கை இழுக்கும். நல்ல சாமான்தான். ஆனால் தொட்டியின் அடி வரை போகிறதே! அம்மா கையில் கொடுத்தால் கூழாங்கல்லையே துடைத்து வைத்துவிடுவாள். வாங்கி என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பரங்கிப்பேட்டை தாண்டும்போதுதான் உங்கள் பழைய பச்சை டியூப் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து எடுத்தேன். ஒரு முனையைத் தொட்டியின் பாதி ஆழம் வரை விட்டேன். மறுமுனை கீழே இருக்கும் வாளியின் வாய்க்குச் சரியாக எட்டும் இடத்தில் விரலை வைத்தேன். அங்கே வெட்டிவிட்டால் போதும். தண்ணீர் பாதிக்கு வந்ததும் உள்முனையில் காற்று ஏறித் தானாக நின்றுவிடும். இன்னும் ஆழமாக விட்டால் வெளிமுனை வாளியை விட்டு மேலே வந்து தண்ணீர் தரையில் கொட்டும். தரை ஈரமாவதை அம்மா சகிப்பாளா?

கணக்கெல்லாம் சரிதான், ஆனால் அது உங்கள் டியூப். வெட்ட எனக்கு மனசு வரவில்லை. டியூப்பைப் பிடித்தபடி நின்றேன். அம்மா என் விரலையும் வாளியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாதிக்கு மேல நான் எடுக்கக் கூடாது. அதான?"

"ஆமாம்மா."

"வாயால சொன்னா கேக்க மாட்டேன்னு டியூப்புகிட்டச் சொல்லி வைக்கற. அப்பனுக்குப் பொண்ணு தப்பாமப் பொறந்திருக்க."

அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையை எடுத்து வந்து, நான் விரல் வைத்த இடத்தில் அவளே ஒரே இழுப்பாக அறுத்தாள்.

தண்ணீரை இழுப்பதற்காகப் பையில் இருந்த டியூப்பிலிருந்து பல்பை மட்டும் கழற்றி எடுத்தேன். "அது எதுக்கு?" என்று பச்சை டியூப்பை வாங்கி வாயில் வைத்தாள். அம்மாதான், அப்பா! ஒரே உறிஞ்சு. ஒரு வாய் உள்ளே போய்விட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொள்ள இருமினாள், ஆனால் டியூப்பை விடவில்லை. தண்ணீர் பாதிக்கு இறங்கி, கொரகொரவென்று சத்தம் போட்டு நின்றது. தாசில்தார் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முந்தின நாளே போனில் சொல்லி அம்மாவை டிரம்மில் பிடித்து வைக்கச் சொல்லியிருந்த தண்ணீரை நான் ஊற்றினேன்.

"இவ்ளோ கண்றாவியா இருக்குது. எப்படித்தான் இந்த மனுஷன் வாரா வாரம் குடிச்சாரோ" என்றாள். பிறகு காப்பி போட்டு எடுத்து வந்து, உங்கள் நாற்காலியில், தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வாய் கொப்பளிக்காமலே குடித்தாள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பல்பு டியூப்போடு வந்து அடியில் தங்கும் அழுக்கை நான் எடுத்துவிடுகிறேன் அப்பா. நீளமான டியூப் எதுவும் அந்த வீட்டிலேயே தங்கிவிடாமலும் பார்த்துக்கொள்கிறேன். பாதித் தண்ணீர் அம்மாவுடைய வேலை. அதில் நான் கை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாய் வைக்கப் பயந்து பல்பு வாங்கிய உங்கள் மகள்