ஒன்பதாம் விதி

உவர்மலை,
திருகோணமலை.
17.10.1965

அன்பு மகன் குலசிங்கம் அறிவது,

நான் குதிரைப் பந்தயம் பிடிக்கும் புக்கிக் கடை நடத்தவில்லை. எந்தக் குதிரைக்கும் ஒரு சதமும் கட்டியதில்லை. உன் மைத்துனர் யோகலிங்கம் உனக்கு எழுதியது பிழை.

"வயசு போன காலத்தில அம்மா ரேஸ் பிடிச்சிட்டா" என்று ஊரில் கதை இருப்பது உண்மைதான். அதற்குக் காரணம் ஒரு பெயர்ப்பலகை. 'திருகோணமலைக் குதிரையேற்றச் சங்கம்' என்று நான் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். பலகையில் இடம் போதாது என்று, பெயின்ரர் சிவபாதம் 'ஏற்ற'த்தை விட்டுவிட்டு 'குதிரைச் சங்கம்' என்று எழுதி வாசலில் மாட்டிவிட்டார். அந்தச் சனிக்கிழமையே இரண்டு பேர் வாசல் படலையில் வந்து நின்று, "அம்மா, இண்டைக்கு எது வரும்?" என்று கேட்டார்கள். "மழை வரும், வீட்டை போங்கோ" என்றேன். அதில் ஒருவர், மழை என்றால் 'ரெயின்' என்று தொடங்கும் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று தேடிப் பிடித்து, ஏதோ ஓர் இங்கிலாந்துக் குதிரைக்குக் கட்டினாராம். அது வென்றும்விட்டதாம். அடுத்த சனிக்கிழமை படலையில் பதினைந்து பேர். பலகையைக் கழற்றிவிட்டேன். கதையைக் கழற்ற முடியவில்லை.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இலண்டனிலும் குளிர் தொடங்கியிருக்கும். இடது காலுக்கு மறக்காமல் கம்பளி மேசு போடு.

ஆவணியில் ஒன்றும் புரட்டாதியில் ஒன்றுமாக உனக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பதில் எனக்கு வரவில்லை, யோகலிங்கத்துக்கு வந்தது. போன வியாழக்கிழமை அவர் இங்கு வந்து, அப்பாவின் கதிரையில் இருந்து, "அம்மாவிட்டச் சொல்லுங்கோ, நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று நீ எழுதியதை வாசித்தார். தோளுக்கு மேலால் பார்த்தேன். உன் எழுத்துத்தான், இன்னும் இடப்பக்கம் சரிகிறது. ஓர் இடத்தில் ஒற்றும் விடுபட்டிருந்தது. என் மகனின் மறுப்பை இன்னொருவர் வாயால் கேட்பதை நான் பதிலாக எடுக்கமாட்டேன்.

விடயம் இதுதான். சீனன்குடா வீதியில் உள்ள மேய்ச்சல் நிலத்தின் பெர்மிற் இன்னும் காலஞ்சென்ற அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. மார்கழி முப்பத்தொன்றாந் திகதியோடு முடிகிறது. ஐம்பத்தேழில் இங்கிலாந்து நேவி இங்கிருந்து போனபோது, தங்கள் குதிரைகளுக்கு இத்தனை வருடம் வைத்தியம் பார்த்தவர் என்று அந்த உத்தியோகத்தர்கள் மூன்று குதிரைகளையும் அப்பாவின் பெயருக்கே எழுதிவிட்டுப் போனார்கள். ஆகவே, கடுதாசியின்படி எல்லாம் உனக்கும் எனக்கும் சொந்தம். ஒரு குடும்பத்தின் தொழிலுக்கு அரசாங்கக் காணி தர ஏலாது என்று கச்சேரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இலாப நோக்கமற்ற சங்கமாகப் பதிந்தால் பத்து வருடத்துக்குத் தருவார்களாம். அதற்கு, எங்களுக்கு இதில் பங்கில்லை என்று நாங்கள் இருவரும் ஒப்பமிட வேண்டும். நான் இட்டுவிட்டேன்.

இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நேவிக் காலம் தொட்டு லாயத்தில் இருக்கும் கிண்ணியா அபூதாஹிர் கேட்டார்: "நட்டத்துக்கு நடத்தப் போறம் எண்டு பதியிறதோ அம்மா? அதைப் பதியாமலே செய்யலாமே!" இலாபம் வரலாம், ஆனால் ஒருவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது, அது குதிரைகளின் தீனுக்கே திரும்பிப் போகும் என்றேன். "அப்ப குதிரையளுக்குத்தான் லாபம்" என்றார். கச்சேரியில் ஒருவரும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

மூதூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஸெய்னுதீனிடம் தவிடு கேட்டேன். நான் ஒருவரிடமும் கேட்டுப் பழகியவள் அல்லள் என்பது உனக்குத் தெரியும். "அம்மாட யாவாரத்துக்கு நான் ஏன் தவிடு தரவேணும்? சங்கத்துக்கு எண்டால் வள்ளத்தில ஏத்தி அனுப்புறன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மிருக வைத்தியரும் அப்படித்தான். பிள்ளைகள் குதிரையேறப் பழகும் சங்கம் என்றால் இலவசமாக வந்து பார்ப்பதாகச் சொல்கிறார். சனிக்கிழமைகளில் ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள், நாலு பேர் பெண்பிள்ளைகள். எனக்குப் பிறகும் அவர்கள் வர வேண்டும். நான் போனபின் ஒருவரும் நிலத்தின் பெர்மிற்றையோ குதிரைகளையோ விற்றுப் பங்கு பிரிக்க ஏலாது என்பது சங்கத்தின் மூன்றாம் விதி.

பதியாவிட்டால் நடப்பதையும் எழுதுகிறேன். சின்னக் குதிரைகள் இரண்டையும் வண்டிக்கு எடுக்க ஆள் இருக்கிறது. டச்சஸுக்கு இருபத்தொரு வயது. அவளைக் கேட்டும் ஒருவர் வந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அபூதாஹிர் அவரைப் படலை தாண்ட விடவில்லை.

டச்சஸ் என்ற பெயரை வாசித்ததும் கடிதத்தை மடித்துவிடாதே.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் உன்னை விழுத்தினாள். எழும்ப ஏலாது என்று நீ சொன்னாய். வேலிக்கு அப்பால் நேவி உத்தியோகத்தர்களின் மனைவிமார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அழாதே, திரும்ப ஏறு" என்றேன். நீ ஏறினாய், இரண்டு சுற்றும் வந்தாய். அதற்குப் பிறகுதான் அப்பா வந்து உன் இடது காலைப் பார்த்தார். அந்த நாளைப் பற்றி இந்தப் பதினைந்து வருடத்தில் நீயும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பை நானே எழுதினேன். கச்சேரியில் ஒரு விதியைத் தவிர மற்றெல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். அங்குள்ள உத்தியோகத்தர், "இது சட்டத்துக்குத் தேவையில்லை அம்மா, வெட்டிவிடட்டுமோ?" என்று கேட்டார். "வெட்டினால் நான் பதியமாட்டேன்" என்றேன். அது ஒன்பதாம் விதி. உனக்கு முதல் அனுப்பிய பிரதியிலும் இருக்கிறது. நீ அந்தப் பக்கம் வரை வாசித்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். ஆகவே இங்கே எழுதுகிறேன்:

'விழுந்த பிள்ளையை அன்றைக்குத் திரும்ப ஏற்றக்கூடாது. பிள்ளை நோகிறது என்றால் நம்ப வேண்டும். யார் பார்த்துக்கொண்டு நின்றாலும் முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.'

இத்தோடு வரும் கடுதாசியில் நீ ஒப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு புள்ளடி போட்டிருக்கிறேன். இட மனமில்லை என்றால் அதற்கும் உனக்கு உரிமை உண்டு, நான் வற்புறுத்தமாட்டேன். நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி வேண்டுதல்.

ஓம் என்றாலும் ஏலாது என்றாலும், யோகலிங்கத்துக்கு அல்ல, எனக்கு, உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவபாக்கியம்