யாருக்கும் விற்காத நீலம்

என்னவருக்கு,

பயணம் சௌகரியம்தானே? எனக்குத்தான் நிம்மதி போயிற்று.

நான் எழுதி விற்கும், ஆன்லைன் விளையாட்டு நடத்தும் கேம் சர்வர் நிரல் இணையத்தில் ஓசியில் கிடக்கிறது. "வாங்கினவன் எவனோதாம்மா வெளிய விட்டிருப்பான், விடு" என்றீர்கள். எப்படி விடுவது? திருடியவனைக் கண்டுபிடிக்கத்தானே ஒவ்வொருவர் பிரதியிலும் விளையாட்டில் வரும் தெருவிளக்குக்கு வேறு வேறு நிறம் வைக்கிறேன்! திருட்டுப் பிரதியைத் திறந்தேன்; விளக்கு நீலமாக எரிந்தது. நீலத்தை நான் யாருக்கும் விற்கவில்லை. அது நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது.

நம்மோடு இருக்கும் உங்கள் தம்பி மேல்தான் என் சந்தேகம் போயிற்று. அன்றைக்கே, நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே, உங்களிடம்கூடச் சொல்லாமல், அதன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

நேற்று போனில், "கிளம்புற அவசரத்துல உன் கம்ப்யூட்டர்லதான் டிக்கெட்ட பிரிண்ட் எடுத்தேன்" என்றீர்கள்.

நான் யாருக்கும் சொல்லாத புது பாஸ்வேர்டைப் போட்டா? உங்கள் தம்பி பாவம்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் மனைவி