பாடம் இறங்கிக்கொண்டிருக்கிறது

பதிவு: 3 மார்ச் 2061, காலை 6.10

சுற்றுப்பாதை சீர். மின்சாரம் போதுமானது. டவர் இல்லாத ஊர்களின் மொபைல்களுக்குப் பாடம் அனுப்பும் இந்த விண்நிலையத்தில் நான் ஒருத்திதான்: பொறியாளர் எஸ்தர் நவமணி. இன்று மலாவிக்குப் பின்னக் கணக்கு. பெருவின் மலையூர்களுக்கு மனித உடல். வேதாரண்யம் உப்பளத்துக்கு மின்னியல். அங்கே வேலை பார்க்கும் காவேரிச்செல்வி, நாற்பது வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறவர். அவர் குரல் வந்தது: “அக்கா, ஓம் விதி புரிஞ்சிருச்சு. அடுத்த பாடத்தை அனுப்புங்க.”

பதிவு: 4 மார்ச், காலை 9.30

தரைக்கட்டுப்பாட்டிலிருந்து கிரிதரன்: “மேடம், இலவசப் பாடம் இனிமே கிடையாது. நிலையத்தை இறக்கி எரிச்சிடச் சொல்லி நிறுவனம் முடிவு பண்ணிருச்சு. நாளைக்குள்ள அங்க நிக்கிற திரும்புற கலத்துல ஏறி வந்துடுங்க.”

“படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க?”

“காசு கட்டிப் படிக்கட்டும்னு சொல்றாங்க மேடம்.”

பதிவு: 4 மார்ச், பகல் 1.15

டவரே இல்லாமல் ஒரு மொபைலிலிருந்து பக்கத்து மொபைலுக்குப் பாடம் தாவுகிற செயலி ஒன்றை முன்பே எழுதியிருந்தேன். நிறுவனம் கிடப்பில் போட்டது. அதையும் எல்லாப் பாடங்களையும் அனுப்பத் தொடங்கிவிட்டேன். உலகம் முழுக்கச் சேர ஒரு நாள் வேண்டும்.

தரையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்கள். கட்டளை வாங்கும் கம்பியை வெட்டினேன். அதற்குள் இறக்கும் எஞ்சினை இயக்கிவிட்டார்கள். குலுக்கலில் சூரியத் தகடு முறிந்தது. பாடம் போய்க்கொண்டிருக்கிறது; தரையோடு குரல் இணைப்பு மட்டும் மிச்சம்.

பதிவு: 5 மார்ச், காலை 7.40

நிலையத்தின் பேட்டரி தீர்ந்தது. ஆப்பிரிக்கா பாதி பாக்கி. மின்சாரம் இருப்பது ஒரே இடத்தில், நான் ஊர் திரும்ப வேண்டிய கலத்தில். அதன் பேட்டரியைக் கழற்றி இங்கே பொருத்தினேன். இனி அந்தக் கலம் கிளம்பாது. இதைப் படிப்பவர் தெரிந்துகொள்ளட்டும்: யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பயம் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

காவேரிச்செல்வி: “அக்கா! டவரும் இல்ல, ஒண்ணும் இல்ல, என் போன்லேருந்து பக்கத்துப் பாத்திக்காரி போனுக்குப் பாடம் போயிருச்சு! அவ அடுத்தவளுக்கு விட்டுட்டா!”

பதிவு: 5 மார்ச், மணி பார்க்கவில்லை

நிலையம் காற்றுமண்டலத்துக்குள் இறங்கிவிட்டது, சுவர் சுடுகிறது. மலாவி முடிந்தது. எல்லாம் முடிந்தது.

கிரிதரன், குரல் உடைந்து: “ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? எல்லாப் போன்லயும் தேடி அழிச்சிருவாங்க.”

“தேடட்டும் கிரி. எந்த ஊர்ல ஆரம்பிப்பாங்களாம்?”



கீழிருந்து ஒரு பாடம் வந்திருக்கிறது. நான் அனுப்பியதல்ல. ராக்காயி என்று ஒரு பெண், உப்பளத்திலிருந்து, தானே பேசிப் பதிந்தது. “உப்பு எப்படி வெளையுதுன்னு சொல்றேன், கேளுங்க.” கேட்கிறேன். எனக்கு இது தெரியாது. முதல் பாத்தியில் கடல் தண்ணியைத் தேக்கணுமாம். வெயில் ஏற ஏற அதை அடுத்த பாத்திக்கு