ரோகிணிக்குப் போட்ட மாலை

அணுபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தீனாவுக்கு,

ரோகிணி எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். உங்களுக்குச் சளி விட்டதா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் கோபமாக ஒன்று சொன்னால் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைக்கிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

லியோனில் நடக்கும் உங்கள் ஓவியக் கண்காட்சியின் போட்டோ வியாழக்கிழமை காலை குடும்ப குரூப்பில் வந்தது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுவரில் நீங்கள் வரைந்த என் படம். அதற்குச் சந்தன மாலை. கீழே மெழுகுவர்த்தி. பக்கத்தில் நீங்கள் கைகூப்பி நிற்கிறீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நாலு வருசத்துல, மாலை யாருக்குப் போடுறதுன்னு கூட மறந்து பூட்டானா இவன்? உசுரோட கீற பொண்டாட்டிக்குப் போட்டு வச்சிகீறானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மதியம் வரை சாப்பிடவில்லை.

பதினொரு மணிக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்து உங்கள் தனகோடி மாமா பெரிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். லீவு சொல்லிவிட்டு வீட்டிலிருந்த நானே கதவைத் திறந்தேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். எனக்கு ஆயுசு கெட்டி என்றார், உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார், இரண்டு முறை காபி குடித்தார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்தேன். கேலரிக்காரப் பெண்மணி மார்த்தா ஆசை ஆசையாக இந்தியக் கடையில் தேடி வாங்கி வந்து போட்டதாகச் சொன்னீர்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு என்ன தெரியும்? ஆனால் நீங்கள் அடுத்துச் சொன்னதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. பார்த்ததுமே தப்பு என்று உங்களுக்குத் தெரிந்ததாம். கழற்றச் சொன்னால் அவர் மனசு நோகும் என்று விட்டுவிட்டீர்களாம்.

மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை தீனா. தெரிந்தே விட்டிருக்கிறீர்கள். என் மனசு உங்கள் கணக்கில் வரவே இல்லையா? அத்தையிடம் நீங்கள் கவனிக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த உங்கள் பேட்டியைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். இரண்டு ஊரிலும் நான் விருந்தாளிதான், எனக்கென்று ஊர் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். படித்தவர்கள் உச்சுக் கொட்டியிருப்பார்கள். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இங்கே நீங்கள் விருந்தாளி என்றால், இந்த வீட்டில் நான் யார்? அத்தையின் மாத்திரையைப் பிரித்து வைப்பதும், கேஸ் தீர்ந்தால் புக் செய்வதும், நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிடுவதும் யாருடைய வீட்டில்?

ஆனால் படம் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். நீங்கள் விமானம் ஏறக் கிளம்பிய அன்று மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நான் நின்றபடியே இருக்கிறேன். அந்த நீலப் புடவை, தோளில் குத்திய ஊக்கு, ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கும் மனிதர் எப்படி இதைச் செய்தார் என்று நினைத்தால் அழுகைதான் வருகிறது.

இன்று காலை அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சும்மா நின்று பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்கள் நாலைந்து வந்து போயின. ஒரு கைடு வந்து, சுற்றிப் பார்க்க வந்தீர்களா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கேலரிக்குப் போங்கள். மாலையை உங்கள் கையால் கழற்றுங்கள். மார்த்தா ஏன் என்று கேட்பார், சொல்லுங்கள். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டால் படட்டும். இவள் சாகவில்லை, என்னை வழியனுப்பிய இடத்திலேயே இன்னும் நிற்கிறாள் என்று அவர் மொழியிலேயே சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் காதிலும் விழட்டும்.

கழற்றியதற்குப் போட்டோ அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உங்கள் மனைவி,
ரோகிணி