தேவா எழுதிய மேக்ரோ

ஆகஸ்டு 12, திங்கள்

காலையிலேயே மழை. பிரிக்பீல்ட்ஸில் மினிபஸ் இரண்டு நிற்காமல் போய்விட்டன. செருப்பு நாசம்.

மாதக் கடைசியில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. நிரந்தரமாவது எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் தேவா கையில். கிள்ளானிலிருந்து அம்மா போன்: "என்னடி, வேலை கன்ஃபர்ம் ஆச்சா?" இல்லைம்மா, இல்லை.

மிஸ்டர் தேவாவின் மேக்ரோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாம் லிஸ்ப் நிரல்மொழியில் ஒரு வரி எழுதினால், கம்பைல் ஆகும்போது, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாறும்போது, மேக்ரோ அதைப் பல வரியாக விரித்துக் கொடுக்கும். தகவலை மரக்கிளை மாதிரி அடுக்கித் தேடும் எங்கள் லைப்ரரி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. மேக்ரோ மூன்று பக்கம். ஒருவருக்கும் புரியாது. எதற்கெடுத்தாலும் அவரிடம் ஓட வேண்டும். "விடுலா, நான் பாத்துக்கிறேன்." அந்தக் கெத்துதான் அவருக்கு வேண்டும்.

13, செவ்வாய்

புரிந்துவிட்டது! முக்கால்வாசி வேலையைச் சாதாரண ஃபங்ஷனே செய்யும். மேக்ரோ அரைப் பக்கம் போதும். சந்தோஷத்தில் மதியம் வாழையிலைச் சாப்பாடு, அப்பளம் கேட்டு வாங்கி.

மிஸ்டர் தேவாவிடம் காட்டினேன். உர்ரென்று பார்த்தார். "வேலை செய்யுதில்ல? அப்புறம் எதுக்கு நோண்டுற?"

மேனேஜருக்குப் பிடித்துப்போனதால் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

"எல்லா ஃபைலையும் திரும்ப கம்பைல் பண்ணணும், மிஸ்டர் தேவா. இல்லன்னா பழைய விரிவு உள்ளேயே உக்காந்திருக்கும்."

"எனக்கே பாடமா?"

15, வியாழன்

கொளுத்தும் வெயில். செம்பனை எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கு டெமோ.

லைப்ரரியை மட்டும் கம்பைல் செய்திருக்கிறார், மகானுபாவர். மற்ற ஃபைலெல்லாம் பழசு. புதிதாக அடுக்கிய மரத்தில் பழைய வழியில் தேடினால் என்ன ஆகும்? திரை முழுக்க எரர்.

எல்லார் முன்னாலும் மிஸ்டர் தேவா: "நான் சொன்னேன்லா. இந்தப் பொண்ணு கை வச்சா இப்படித்தான்."

எல்லா ஃபைலையும் கம்பைல் பண்ணச் சொன்னேனே என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டேனா? டாய்லெட்டில் போய் அழுகை. பாவி மனுஷன்.

16, வெள்ளி

நிரந்தரம் இல்லை. மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். பழைய மேக்ரோவே திரும்ப வந்துவிட்டது.

சாயங்காலம் மிஸ்டர் தேவா என் மேசைக்கு வந்தார். சுற்றும்முற்றும் ஒரு பார்வை. குரல் குழைந்தது.

"தங்கச்சி, அந்தப் பழைய மேக்ரோ எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் எழுதிக் குடுத்துட்டுப் போயேன். நான் எழுதி ரொம்ப நாளாச்சு பாரு, சட்டுன்னு பிடிபடல."

தங்கச்சியாம்! இத்தனை நாளில் இன்றுதான்.

"வேலை செய்யுதில்ல? அப்புறம் எதுக்கு நோண்டுறீங்க?" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லிஃப்ட் வரும்வரைதான் அந்த வீறாப்பு. குடையை அங்கேயே விட்டுவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.