பருவுக்கு ஒரு பெயர்

பங்குனி முதல் ஞாயிறு, இரவு.

காலையில் புளியங்குடிச் சித்தி ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். என் கன்னத்துப் பருக்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"யக்கா, மூஞ்சில பரு வந்தா மனசுல பய வந்துட்டான்னு அர்த்தம். எவன்னு கேளு."

அம்மா கேட்டாள். யாருமே இல்லை, தோலில் எண்ணெய் அடைத்தால் பரு வரும் என்று டீச்சர் சொன்னார் என்றேன்.

"வாய் பேசுதியா? பரு போற வரைக்கும் பள்ளிக்கூடம் கெடையாது."

பரு சீக்கிரம் போகட்டும் என்று மத்தியானம் எலுமிச்சம்பழத்தை அறுத்து முகத்தில் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் நின்றேன். கன்னம் வெந்து தோல் உரிந்துவிட்டது.

அம்மா பார்த்தாள். "இவ இவ்வளவு பாடுபட்டு மினுக்குதான்னா, எவனோ இருக்கத்தான் செய்யுதான்."

விடிந்ததும் பெயர் சொல்ல வேண்டுமாம். வகுப்புப் பையன்களை ஒவ்வொருவனாக நினைத்துப் பார்க்கிறேன். யார் அடி தாங்குவான்?