கூப்பிட்டால் பிரகாஷ் திரும்புவதில்லை

பண்ணைக்காடு,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் ஷைலாவுக்கு அம்மாவின் முத்தங்கள். நாங்கள் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன், நீயாவது மஸ்கட்டில் மெய்யாகவே நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் ஜீப்பை விடவில்லை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறார். மிளகு பரவாயில்லை, காப்பிதான் மழையில் பழத்தோடு உதிர்ந்துவிட்டது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன் தாயி, நான் அழுவதைத் தம்பி பார்த்துவிடுவான், இப்போது அவனுக்கு எங்கள் முகத்தை விட்டால் வேறு வழி இல்லை, அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். பெருமாள்மலை ராஜேஷ்குமார் லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறான், காப்பிப்பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

பிரகாஷுக்கு ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனதும், மதுரையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் மிஷின் வைத்ததும் நீ கூடவே இருந்து பார்த்தவள். நர்சிங் படிப்பு லீவில் வரும்போதெல்லாம் அவனை மடியில் உட்காரவைத்து, உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்கட்டும் என்று உன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பழக்கியவளும் நீதான். அவன் முதலில் சொன்னது அம்மா இல்லை, அக்கா. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அப்புறம் தகரத்தில் தூறல் விழுந்தால் எனக்கு முன்னால் அவனுக்குக் கேட்டுவிடும், "அம்மா, மழை, துணி எடு" என்று ஓடிவருவான். ஊரில் எல்லோரும் நம் வீட்டைக் காட்டித்தான் சாமி கண் திறந்தது என்று பேசினார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் எல்லாம் போனது. பள்ளிக்கூடத்து டீச்சர்தான் முதலில் சொல்லியனுப்பினார்கள், கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறான், அடம் பிடிக்கிறான் என்று. பேட்டரியை மாற்றினோம், வயரை மாற்றினோம், மிஷினில் லைட் எரியத்தான் செய்தது. பிறகு ஒருநாள் காப்பித் தோட்டத்தில் கொய்யா பொறுக்கிக்கொண்டே கீழே இறங்கிப் போனான், பாதையில் ஒற்றைக் காட்டுமாடு நிற்கிறது. பழம் பறித்துக்கொண்டிருந்த ராக்காயி, "ஏலே பிரகாஷு, போவாதலே, மாடு நிக்கிதுலே" என்று தொண்டை கிழியக் கத்தினாள், நாங்கள் எல்லோரும் கத்தினோம், அவன் குனிந்த தலை நிமிராமல் அதன் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தான். அப்பா அந்த முழங்காலோடு ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் விழுந்தார். மாடு ஒரு முறை சீறிவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. தம்பி சிரிக்கிறான், அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து. அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், உன்னை ஊருக்கு அனுப்பிய அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

உள்ளே வைத்த மிஷின் செத்துப்போனது என்று மதுரையில் சொன்னதும், தை மாதம் மறுபடி ஆபரேஷன் நடந்ததும் உனக்குத் தெரியும். தையல் ஆறிவிட்டது, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னோம். டாக்டர் சொன்னதை நான் உனக்குச் சொல்லவில்லை. "காய்ச்சல் வந்த காதும்மா, எலும்பு வளந்து வழிய அடச்சிருச்சு, மிஷின் வயரு பாதிதான் உள்ள போச்சு. அடுத்த காது இன்னும் மோசம். சத்தம் வரும், பேச்சு புரியுமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். மாசியில் வெளியே மாட்டுகிற மிஷினைப் போட்டுவிடக் கூப்பிட்டார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு தம்பி தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான், காதைக் காட்டி, "போடு, போடு" என்றான். போட்டார்கள். கண்ணில் மிளகாய் பட்டதுபோல முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் எங்கள் எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "இது இல்ல" என்றான். "அம்மா, இது இல்ல, இது இல்ல" என்று சொல்லிக்கொண்டே காதிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துவிட்டான்.

பழகினால் சரியாகும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், ஒரு வருஷமாகப் பழக்கிப் பார்த்தாகிவிட்டது, பஸ்ஸில் வத்தலக்குண்டு போவதும் மதுரை போவதுமாக எங்கள் சோலி அத்தனையும் கெட்டதுதான் மிச்சம். நாயின் சத்தமும் என் குரலும் அவனுக்கு ஒரே இரைச்சலாக இருக்கிறதாம். இதைவிடக் கொடுமை, பேசிய பேச்சும் உதிர்ந்துகொண்டே வருகிறது ஷைலா. சுடுதண்ணி என்று தெளிவாகச் சொன்ன பிள்ளை இப்போது உதண்ணி என்கிறான். தெருவில் யாருக்கும் புரிவதில்லை, புரியவில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்கிறான். அப்பா சாயங்காலம் ஜீப்பை அவனுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்துப் பார்க்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "இன்னிக்கு லேசா தலைய ஆட்டுனான், நீதான் பாக்கல" என்கிறார். நான் பார்த்தேன், அவன் ஈயை விரட்டினான். செபமாலை கையில் உருளுகிறது, வாய் அசைகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கொடுத்துவிட்டுப் பிடுங்குவதற்கு முதலிலேயே கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன், பாவம் என்றால் பாவமாக இருக்கட்டும்.

இனிமேல் இங்கே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது, மலைக்குக் கீழே காது கேளாத பிள்ளைகளுக்கு ஹாஸ்டலோடு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சேருங்கள் என்று நம் பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர் சொன்னார்கள். போன வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கே எல்லாம் கையால்தான் பேசுகிறார்கள். இவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் வயசுப் பிள்ளை ஒருத்தி வந்து இவன் சட்டையைத் தொட்டு ஏதோ கையை ஆட்டினாள், இவனும் ஆட்டினான், நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன், என் வயிற்றில் பிறந்தவன் எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லையே. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பி அதையே எனக்கும் கையால் சொல்லிக் காட்டினான். நான் புரிந்ததுபோலத் தலையாட்டினேன். மறுபடியும் மெதுவாகச் சொன்னான், மறுபடியும் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. போகட்டும் என்பதுபோல என் கையை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் மாதம் சேர்த்துவிடலாம் என்று அப்பா முடிவு சொல்லிவிட்டார். நானும் சரி என்றுவிட்டேன், சொல்லாமல் வேறு என்ன செய்ய. நீ கடல் தாண்டிப் போனாய், நீ பேசினால் எனக்குப் புரிகிறது. இவன் மலைக்குக் கீழேதான் போகிறான், ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது எனக்குப் புரியாத பிள்ளையாகத்தான் வருவான். கையால் பேச எனக்கும் கற்றுக்கொடுப்பீர்களா என்று அந்த டீச்சரிடம் கேட்டேன், வாங்கம்மா என்றார்கள். காப்பிக்கொட்டை பொறுக்கி மரத்துப்போன விரல், வருமோ வராதோ.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, டூட்டி முடிந்து வந்ததும் டீயை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடாதே. தம்பிக்குப் புது மாடல் மிஷின் வாங்கித் தருகிறேன் என்று கூடுதல் டூட்டி பார்க்க வேண்டாம், இனி அதனால் ஒன்றும் ஆகாது. ஈஸ்டருக்கு லீவு கிடைத்தால் வெரசா வந்து சேர், அவன் ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சநாள் கூட இரு. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டதாக நினைத்துக்கொள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வாசலில் இறங்கியதும் பழைய நினைப்பில் பின்னாலிருந்து அவனைக் கூப்பிட்டுவிடாதே. சுற்றிப் போய் அவன் கண்ணுக்கு முன்னால் நில். நீ கூப்பிட்டும் அவன் திரும்பாமல் இருப்பதை நீ பார்க்க வேண்டாம் தாயி.

இப்படிக்கு,
உன் அம்மா,
அமலி ஞானமுத்து.